நெய் அறிந்த நாக்கு

ரொட்டியின் முதல் விள்ளலை வாயில் போட்டதுமே அபுல் ஹஸனுக்குத் தெரிந்துவிட்டது, இது நெய்யல்ல, நெய்க்குப் பதிலாக டின்னில் விற்கும் பெக்டரிக் கொழுப்பு.

"எப்பிடி இருக்கு காக்கா?" என்று கேட்டார் டொக்டர் புண்ணியமூர்த்தி.

"இருக்கு," என்றார் அபுல் ஹஸன், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

கல்முனைக் கடைத்தெருவில் சாறன் கடை வைத்திருந்த அவருக்கு நெய் என்றால் உயிர். சோற்றுக்கு நெய், புட்டுக்கு நெய், இருமல் வந்தால் அதற்கும் நெய். அந்த எண்பத்தோராம் ஆண்டில் ஒருநாள், கடை ஏணியில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி நாச்சியாவுக்குத் தூக்கமில்லை. டொக்டரின் டிஸ்பென்சரிக்கு அவரை இழுத்து வந்தாள்.

பாண்டிருப்புக்காரரான டொக்டருக்கு ஓர் ஆராய்ச்சிப் பைத்தியம் இருந்தது. "கொழுப்பெல்லாம் பார்வைக்கு ஒண்டுதான். உள்ளுக்குக் கட்டியிருக்கிற விதம் வேற வேற. சாப்பிட்டு மூண்டு மணித்தியாலம் போக ரத்தம் எடுத்துத் தெளிய வச்சா, ஒண்டு பால் மாதிரிக் கலங்கும், மற்றது அவ்வளவு கலங்காது. காக்காவுக்கு ஒரு ஞாயிறு நெய் ரொட்டி, அடுத்த ஞாயிறு பெக்டரிக் கொழுப்பில ரொட்டி. எந்த நாள் எது எண்டு மட்டும் சொல்ல மாட்டன்."

நாச்சியா அங்கேயே தீர்ப்பும் வைத்தாள். "எது இவர்ட ரத்தத்தைக் கலக்குதோ, அது இனி எங்கட குசினிக்குள்ள வராது."

ஆகவே இன்றைய கொழுப்பு கெட்ட பெயர் எடுத்தாக வேண்டும். வெறும் ரொட்டி அதைச் செய்துவிடுமா என்று அபுல் ஹஸனுக்குச் சந்தேகம் வந்தது. பின்பக்கம் போய் வருவதாகச் சொல்லி நழுவியவர், சந்தை முனைச் சாப்பாட்டுக் கடையில் மாட்டு நெஞ்சுக் கறியைக் கொழுப்போடு இரண்டு கோப்பை இறக்கிவிட்டு வந்தார்.

தெளிய வைத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. மேலே நின்றது தேங்காய்ப்பால். அதுவும் தலைப்பால்.

"இது கொழுப்பில உள்ள பிழை மட்டுமில்ல காக்கா. உங்கட உடம்பிலயும் என்னவோ கிடக்கு."

நாச்சியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கிழமை முழுக்க அவருக்குக் கஞ்சியும் முருங்கையிலையும்தான். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவள் கையேந்தி அழுவதைக் கண்டு, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னால் அந்தக் கொழுப்பு குற்றமில்லாமல் தப்பிவிடும். முருங்கையிலையோடு சேர்த்து உண்மையையும் விழுங்கினார்.

அடுத்த ஞாயிறு டிஸ்பென்சரிப் படலையிலேயே மணம் வந்து மூக்கில் அறைந்தது. நெய். அசல் நெய்.

கஞ்சி குடித்துச் சுருங்கிய வயிறு துள்ளியது. ஆனால் இன்றைக்கு ரத்தம் தெளிவாக நிற்க வேண்டும். தின்னக் கூடாது. அவர் வாழ்நாளில் அப்படியொரு சோதனை வந்ததில்லை.

ரொட்டி சுட்டு வைத்த டொக்டரின் கையாள் சீனிமுகம்மது தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம், ரொட்டிகள் இடுப்பில் கட்டியிருந்த சாறன் மடிக்குள் போயின. வெறும் வாயை மென்றார்.

"நல்ல பசி போல காக்கா. டொக்டர் சொன்ன கணக்கில இன்னும் ரெண்டு கிடக்கு," என்று சீனிமுகம்மது அதையும் வைத்தார். அதுவும் மடிக்குள் போயிற்று. சுடச்சுடக் கொழுப்பு உருகித் தொடையில் வழிந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து, அவருக்கு நேரே குந்தி, மடியையே பார்த்தது.

"இது ஏன் உங்களையே பாக்குது?" என்றார் டொக்டர்.

"எங்கட கடைப் பக்கத்து நாய். பழக்கம்."

"சரி, நேரமாகிட்டு. வந்து கட்டில்ல படுங்க, ரத்தம் எடுப்பம்."

"கால் மரத்துப் போச்சு டொக்டர். இருந்த இடத்திலயே எடுங்க."

இந்த முறை குழாயில் நின்றது கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவு. டொக்டர் கொப்பியை இழுத்துக் குறித்துக்கொண்டார்.

"ஒரே ஆள், ஒரே அளவு ரொட்டி. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கொழும்புக்கு எழுதத்தான் போறன்."

நாச்சியாவுக்குக் கண் கலங்கியது. "அப்ப முதல் ஞாயிறு தின்னதுதானா இவருக்கு நஞ்சு?"

"அதேதான்," என்றார் அபுல் ஹஸன், மடியை இறுக்கிப் பிடித்தபடி. "நம்மட வீட்டு வாசல்ல அந்தச் சாமானைக் கண்டாலும் தூக்கி எறி. மவுத்தாகும் வரைக்கும் நான் அதைத் தொட மாட்டன். டொக்டர்தான் சாட்சி."

அவர் இவ்வளவு சுலபமாக இணங்குவார் என்று நாச்சியா நினைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இண்டையிலிருந்து அப்பிடித்தான்," என்றாள்.

ரொட்டி சுட்ட தாச்சியைக் கழுவிக்கொண்டிருந்த சீனிமுகம்மது நாச்சியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ராத்தா, ரொட்டிக்கெண்டு நீங்க வீட்டிலிருந்து குடுத்துவிட்ட நெய்யில, முதல் ஞாயிறு போட்டது போக அரைப் போத்தல் மிச்சம் கிடக்கு. அதை நானே கொண்டு போகட்டா?"