ஆற்றங்கரையில் ஒரு சுவர்தட்டி

மனிதர்களில் சுவர்தட்டி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால், மற்றவர்கள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் கூடத்துச் சுவரை ஒட்டி நின்று, விரலை மடக்கி, டொக் டொக் என்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம்" என்பார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரியும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

சுவர்தட்டி எந்த வீட்டையும் இருக்கிறபடி பார்ப்பதில்லை. கூரையில் ஓட்டை தெரிந்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடிக் கூரை. முற்றத்து மூலையில் இடிந்து கிடக்கும் பழைய கக்கூஸில் அவர் தன் படிப்பறையைப் பார்க்கிறார். இத்தனைக்கும் கடைசியாக அவர் படித்தது அடுப்போடு வந்த விளக்கத் தாள். மற்றவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள், இவர் அதன் மறுபிறவியைப் பார்க்கிறார். நடுவில் வர வேண்டிய சாவையும் சடங்கையும் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அவருக்கென்று தனி அகராதி வேறு. சுவர் விரிசல் விட்டிருந்தால், "வீடு உட்காருது, அவ்வளவுதான்." நூறு வருஷமாக உட்கார்ந்துகொண்டே இருக்கிறதா, என்றைக்குப் படுக்கும் என்று நீங்கள் கேட்கக் கூடாது. சுவரில் ஓதம் ஏறிப் பச்சை பிடித்திருந்தால், "ஜன்னலைத் திறந்து வச்சாப் போயிடும்." மாடிப்படி மரத்தைப் புழு அரித்திருந்தால், "பழைய மரம், அப்படித்தான் இருக்கும்." எதுவுமே சொல்லத் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது மந்திரம்: "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துக் கட்டு!"

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை தோறும் கட்டுமானப் பொருள் கடையில் மாதிரி ஓடுகளைத் தடவிக்கொண்டு நிற்பதிலிருந்தும், மாட்டுக்கொட்டகையை ஒரே மணி நேரத்தில், விளம்பரம் உட்பட, மாளிகையாக்கிக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்தும் வந்தது. சொந்த வீட்டிலிருந்து நிச்சயமாக வரவில்லை. என் பக்கத்து வீட்டு மால்கமின் கீழ்க் கழிப்பறைக் கதவில் கைப்பிடி கழன்று பல வருஷமாகிறது. அவர் மனைவி ஜேனிஸ் அதை ஒரு தேக்கரண்டியால் திறக்கிறாள். விருந்தாளி வந்தால் நல்ல கரண்டி.

இங்கிலாந்தில், எங்கள் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் சுவர்தட்டிகள் செழித்து வளர ஒரு காரணம் உண்டு. இங்கே மழை பெய்யாத நாள்தான் செய்தி. ஆனால் மழை நாளில் யாரும் வீடு பார்க்கப் போவதில்லை, நனைந்துவிடுவார்களாம். மே மாதத்தில் ஏதோ ஒரு விடுமுறைத் திங்களன்று சூரியன் தப்பித் தவறி எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். சட்டையைக் கழற்றுவார்கள், ஐஸ்கிரீம் தின்பார்கள், முதுகை இறால் நிறத்துக்குச் சுட்டுக்கொள்வார்கள், வீடு வாங்குவார்கள். வருஷமெல்லாம் தண்ணீரில் நிற்கப் போகும் வீட்டை, காய்ந்திருக்கும் ஒரே நாளில் பார்த்து மயங்குகிற மக்கள் வேறெங்கும் இருப்பார்களா, தெரியவில்லை.

மால்கமுக்கும் அந்தத் திங்கள் வந்தது. ஆற்றங்கரையில், கம்பளி ஆலைக்காரர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய கல் வீட்டு வரிசையில், நடு வீடு விலைக்கு வந்திருந்தது. அதை வாங்க வேண்டுமானால் இருக்கிற வீட்டை விற்க வேண்டும். அதற்கும் ஆள் தயார். பாக்கி ஜேனிஸின் கையெழுத்துதான்.

ஜேனிஸுக்கு இப்போது இருக்கிற வீடு என்றால் என்ன தெரியுமா? அது ஓதமில்லாத வீடு. முட்டிவலிக்காரியான அவள், ஒவ்வொரு அறையிலும் ஹீட்டர் வைக்கச் சொல்லி ஆண்டுக்கணக்காக மன்றாடி, சென்ற குளிர்காலத்தில்தான் கால் காயக் கண்டாள். அதற்குள் இவர் அதை விற்கக் கிளம்பிவிட்டார். "ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்றாள். துணைக்கு என்னையும் இழுத்துப்போனாள்.

வாசலில் தரகர் டாரன் நின்றிருந்தான். இறுக்கமான சூட், கூரான ஷூ. உள்ளே நுழைந்ததும் வெனிலா மெழுகுவத்தி வாசனை. அதற்கு அடியில் காப்பி வாசனை. அதற்கும் அடியில் வேறொரு வாசனை. ஈரச் சாக்கைப் பெட்டியில் வைத்து மூடிய மாதிரி.

"இது என்ன வாடை?" என்றாள் ஜேனிஸ்.

"பழைய வீட்டு வாசனைம்மா அது. எல்லாருக்கும் கிடைச்சிடாது" என்றான் டாரன்.

மால்கம் அதற்குள் தட்ட ஆரம்பித்திருந்தார். டொக் டொக். "ம்." டொக் டொக். "கேட்டியா ஜேனிஸ்? கெட்டி! அடுப்படிச் சுவரை எடுத்துட்டா ஒரே ஹால்."

"அது மேல மாடி நிக்குதே?"

"நிக்கும், நிக்கும். நூறு வருஷமா நிக்குது."

"அந்தச் சுவர் இருக்கிறதாலதான நிக்குது?"

டாரன் இருமினான். மால்கம் காதில் வாங்காமல் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டைப் பார்த்துக் கை தட்டினார். "இங்க பாரேன்! ஒவ்வொரு அறையிலும் பிளக் எவ்வளவு உசரத்துல வச்சிருக்கான்! உன் முட்டிக்கு இனிமே குனியவே வேண்டாம். யாருப்பா இதை யோசிச்சது?"

"முன்னாடி இருந்தவங்க ரொம்ப விவரமானவங்க சார்" என்றான் டாரன், ஷூவின் கூரான முனையைப் பார்த்தபடி.

மால்கம் டேப்பை நீட்டி, எனக்குத் தெரியாத எதையோ அளக்கத் தொடங்கினார். ஜேனிஸ் என் கையைப் பிடித்தாள். "வா, வெளிய போய்க் காத்தாடுவோம்."

பக்கத்து வீட்டு வாசலில், நாற்காலியைப் போட்டு, கன்னம் சிவக்க வெயில் காய்ந்துகொண்டிருந்தாள் ஒரு பெண்மணி. பெயர் பெரில். எங்களைப் பார்த்ததும், "வீடு பார்க்க வந்தீங்களா கண்ணு? டீ போடட்டுமா?" என்று எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் இதற்கு மாட்டேன் என்று சொன்னால் சண்டை.

அவள் வீட்டிலும் பிளக் இடுப்பு உயரத்தில் இருந்தது. கெட்டில் செருகியது, டீவி செருகியது, எல்லாமே. தரையில் கம்பளமில்லை, வெறும் கல். கீழ்த்தளத்துச் சுவரில் ஒரு படம்கூட இல்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் மாடிப்படியில் பாதிக்கு மேலேதான் தொடங்கின. சோபாவுக்கு உலோகக் கால், நீளமாக. ஜேனிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்களுக்கும் முட்டிவலியா?" என்றாள் மெதுவாக.

"எனக்கா? நான் இன்னும் வாரா வாரம் டான்ஸ் ஆடுறேன்!"

"அப்போ பிளக்கெல்லாம் ஏன் இவ்வளவு உசரத்துல?"

பெரில் டீயில் பாலை ஊற்றிக் கலக்கினாள். "ஆத்துக்கு எட்டக் கூடாதுல்ல கண்ணு."

ஜேனிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்துச்சு ஒரு தடவை" என்றாள் பெரில், ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல. "மிச்சமிருந்த வான்கோழி மிதந்து போச்சு. அப்புறம் பிப்ரவரியில ஒரு தடவை. நமக்குப் பழகிடுச்சு. இந்த வரிசை பூரா அப்படித்தான். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"யாரும் எங்ககிட்ட சொல்லலையே!"

"நீங்க யாரையும் கேக்கலையே கண்ணு. வர்றவங்க எல்லாம் வெயில்ல வர்றாங்க, தட்டுறாங்க, போறாங்க. நாமளா போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

ஐயா, இதைத்தான் நான் தலையால் தண்ணி குடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழுது பார்க்க வேண்டிய வீட்டை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து வீட்டை. விற்கிறவனிடம் கேட்காதீர்கள்; அங்கேயே கிடந்து அனுபவிக்கிறவளைக் கேளுங்கள். மெழுகுவத்தி எரிந்தால் ஊதி அணைத்துவிட்டு மோந்து பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தச் சுவர் எதை மறைக்கிறது என்று யோசியுங்கள். வேலை முடியும்வரை எங்கே குளிப்பீர்கள், எங்கே சமைப்பீர்கள் என்று வீட்டிலுள்ள பெண்பிள்ளையைக் கேளுங்கள். கேட்பார்களா? சுவர்தட்டிக்குச் சுவர் சொல்வது மட்டும்தான் கேட்கும்.

நாங்கள் திரும்பியபோது மால்கம் படிக்கட்டில் உட்கார்ந்து எதிர்காலத்தை ரசித்துக்கொண்டிருந்தார். ஜேனிஸ் ஆற்றைப் பற்றிச் சொன்னாள். டாரன் போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

"தண்ணியா?" என்றார் மால்கம். "எப்பவோ ஒரு தடவை வந்திருக்கும்."

"ரெண்டு தடவை. கேட்ட வரைக்கும்."

"கல்லுத் தரை போட்டாப் போச்சு. கழுவிவிட்டா அந்தத் தண்ணியோட போயிடும். யோசிச்சுப் பாரு ஜேனிஸ், ஆத்துச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கலாம்."

"தூங்கி எந்திரிச்சா ஆறு கட்டில் பக்கத்துல நிக்கும். சுவரைத் தட்டிப் பாத்தியே, ஆத்தைத் தட்டிப் பாத்தியா?"

"நீ எப்பவும் இப்படித்தான். உனக்குக் கற்பனையே கிடையாது."

"இல்லதான். எனக்கு முட்டி இருக்கு. ஹீட்டர் இருக்கு. காஞ்ச தரை இருக்கு. அதை வித்து நீ கற்பனை பண்ணணும்னா என் கையெழுத்து இல்லாம பண்ணிக்க."

அவ்வளவு உரக்க ஜேனிஸ் பேசி நான் கேட்டதில்லை. மால்கம் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில், "பின்பக்கச் சுவரை மட்டும் எடுத்துட்டா..." என்றார்.

"மால்கம்."

"சரி, சரி."

வீட்டை விற்கவில்லை. வாங்க வந்த ஆளுக்கு ஜேனிஸே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். மால்கம் கோடை முழுவதும், எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "அருமையான கட்டுங்க. இவ கெடுத்துட்டா" என்று சொல்லிப் புலம்பினார். அக்டோபரில் நாலு நாள் விடாமல் கொட்டியது. பெரில் வீட்டு வாசலில் மணல் மூட்டைகள் ஏறின. மால்கம் ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு டீவியில் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, சுவருக்கு ஒண்ணும் ஆகல!"

அந்த நடு வீடு இன்னும் விலைக்குத்தான் இருக்கிறது. டாரன் விலையை நன்றாகவே இறக்கிவிட்டானாம். கனமான கல் சுவர், உயரமான ஜன்னல், பின்னால் ஆறு, காலையில் வாத்துகள்...

கொஞ்சம் நில்லுங்கள். இப்போது உங்கள் மனதில் ஓடியது என்ன? தரையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போதுமே என்றா? இன்னும் கொஞ்சம் பேரம் பேசினால் படிவானே என்றா? எந்தத் தெரு, எத்தனை அறை என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெரிலைப் போய்க் கேளுங்கள். ஆனால் நீங்கள் போகப் போவது வெயில் நாளில்தான் என்று எனக்குத் தெரியும்.