லைக் சாமியார் எண்ணிய கண்கள்

ஊரே செல்போனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிலர் அதற்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள். ஒருவர் தட்டிக்கூடக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்க மாட்டார்கள். என்ன செய்வது, லைக் குறைந்துவிட்டதே!

அதற்கு வைத்தியம் பார்க்கும் மகானுக்கு லைக் சாமியார் என்று பெயர். உறை மூடிய போனை நெற்றியில் வைப்பார். அதில் எத்தனை பொறாமைக் கண்கள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிச் சொல்வார். உறையைத் திறக்கவே கூடாது. திறந்தால் கண்கள் பறந்துபோய்ப் பக்கத்து ஆள் போனில் உட்கார்ந்துவிடுமாம். பறந்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டவருக்கும் லைக் குறையுமாம்.

இரண்டாம் வரிசையில் தையல்காரி இருந்தாள். இது மூன்றாவது வருகை. தைத்த உடைகளைப் படம் பிடித்துப் போடுவாள்; இருநூறு லைக் விழும். திடீரென்று பதினொன்று. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தையலுக்கு ஒரு தடவை போனைப் பார்த்ததில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. முதல் தடவை வந்தபோதே "கூடப் பிறந்தவ கண்ணு" என்று சாமியார் சொன்னதும் அவளுக்குப் பொறி தட்டியது. தங்கை ஒரு படத்துக்கும் லைக் போட்டதில்லையே! தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உள்ளே நுழையும்போதே போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, இரண்டு மாதமாகப் பேச்சில்லை. பத்து நாளில் தங்கைக்குக் கல்யாணம். அக்கா தைத்துத் தருவதாகச் சொன்ன கல்யாணத் துணி கத்தரி படாமல் கிடந்தது.

அந்தத் தங்கையே வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போனால் அக்கா கதவைத் திறப்பதில்லை, இங்கேயாவது பிடிக்கலாம் என்று வந்தவள். சாமியார் யார் கண்ணைச் சொன்னார் என்பதும் ஊர் வாய் வழியாக அவள் காதுக்கு எட்டியிருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை நேரே சாமியாரிடம் போய், மூடிய போன் உறையை நீட்டினாள்.

"லைக் சுத்தமா வரல சாமி."

நெற்றியில் வைத்தார். உடம்பு உதறியது. "அடேயப்பா! நாப்பத்து மூணு கண்ணு! கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அக்கா."

"லைக் போடுறாளா?"

"ரெண்டு மாசமா போடல சாமி."

"எப்படிப் போடுவா? வயிறு எரியுதே! இதுல நாப்பது கண்ணு அவளோடதுதான்!"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இருப்பதே இரண்டு. அதுவும் கண்ணாடி போட்டால்தான் ஊசி கோக்க முடியும். எழுந்துவிட்டாள்.

"யோவ், அந்த அக்கா நான்தான்யா! இவ கல்யாணச் சேதி கேட்டு முதல்ல சந்தோஷப்பட்டவளே நான்தான்!"

தங்கை திரும்பினாள். "அப்ப என் கண்ணு மட்டும் உன் மேல பட்டுச்சாக்கா?"

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

தங்கை உறையைத் திறந்தாள். கூட்டம் அலறி, போன்களை மார்போடு அணைத்துக்கொண்டது. உள்ளே இருந்தது ஒரு நீல நிறத் துணி சோப்பு.

"சாமி, இது எந்தப் படத்தைப் போட்டுச்சு?"

மகான் அசரவில்லை. "சோப்புக்கும் கண்ணு படும்மா! இல்லன்னா ஏன் தேயுது?"

பின்வரிசையில் ஒருவர் அது நியாயம்தான் என்று தலையாட்டினார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கூட்டம் சிரித்த பிறகு மகானுக்கு அங்கே என்ன வேலை? பின்கதவு வழியாக ஓட்டம் பிடித்தார். காணிக்கைப் பெட்டியை மட்டும் மறக்கவில்லை.

அதைப் படம் பிடிக்க நூறு போன்கள் உயர்ந்தன. தையல்காரியின் கையும் பழக்கதோஷத்தில் உயர்ந்தது. பாதியில் நிறுத்தி, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினாள்.

"கையைத் தூக்குடி. இப்படி இளைச்சுட்டியே!"

"நீ பேசாம இருந்தா வேற எப்படி இருப்பேன்?"

அங்கேயே நின்று அளவெடுத்தாள்.

சாமியார் ஓடும் படத்துக்கு மாலைக்குள் ஐம்பதாயிரம் லைக் விழுந்தது. அடியில் ஐந்நூறு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: "அந்தச் சோப்பு எங்கே கிடைக்கும்?"

எந்தக் கடையிலும் கிடைக்கும், ஐயா. யோசனையைத்தான் அவரவர் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும்.