ஆனியின் கடைசிப் பால்

கட்டைப்பையைக் காணோம்.

கிஷோர் சமையல் மேடையை மறுபடியும் பார்த்தான். ஆபீஸ் கால் பேசப் பால்கனிக்குப் போனபோது பை அங்கேதான் இருந்தது. பித்தளைப் பால் பாத்திரம், விளக்கு, கல் உப்பு, மஞ்சள், தீப்பெட்டி. காலையில் சாமி படத்தையும் மகள் பிரபாவையும் தூக்கிக்கொண்டு வைட்ஃபீல்ட் புது ஃப்ளாட்டுக்குக் கோலம் போடக் கிளம்பிய தமயந்தி, லிஃப்ட் மூடும்வரை சொல்லிக்கொண்டே போனாள்: "இந்தப் பையை மட்டும் உங்க கையாலேயே கொண்டு வாங்க."

"சின்னப்பா, இங்க ஒரு பை இருந்துச்சே?"

வீடு மாற்றித் தரும் பேக்கர்ஸ் கம்பெனியின் மேஸ்திரி சின்னப்பா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "பேக் ஆயிடுச்சு சார்."

"எந்தப் பெட்டியில?"

சின்னப்பா ஹாலைத் திரும்பிப் பார்த்தார். அட்டைப்பெட்டிகள் ஃபேனைத் தொட்டுக்கொண்டிருந்தன. "மேலேயே எழுதியிருக்கு பாருங்க."

எழுதித்தான் இருந்தது, கன்னடத்தில். கிஷோர் கரூரிலிருந்து பெங்களூர் வந்து எட்டு வருடமாகிறது. பஸ் நம்பரை மட்டும் படித்தே காலத்தை ஓட்டியவன்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்."

"எல்லாத்துலயும் சமையல் ரூம்னுதான் போட்டிருக்கு." சின்னப்பா உதவியாளரைப் பார்த்தார். "ஏன்டா சுனில்?"

"ஒரே மாதிரி இருந்தா லோடு ஏத்த ஈஸிண்ணா" என்றான் சுனில்.

நாளை ஆடி பிறக்கிறது. போன முறை ஆடியில் குடிபுகுந்ததால்தான் இந்த ஜோகுபாளையம் வீட்டில் பைக் திருட்டுப் போனது, கிஷோரின் புரமோஷன் பக்கத்து சீட்டுக்குப் போனது என்பது மாமியார் ஜானகியின் முடிவு. இன்று பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் புது வீட்டில் பால் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் தமயந்தி பிரபாவைக் கூட்டிக்கொண்டு கரூர் போய்விடுவாள். ஆடி முடிந்துதான் வருவாள். அவள் வெறுமனே சொல்பவள் அல்ல. ஏற்கெனவே பஸ் டிக்கெட் விலை பார்த்துவிட்டாள்.

"பெட்டியைத் திறங்க" என்றான் கிஷோர்.

முதல் பெட்டியில் கம்பளிகளுக்கு நடுவே இட்லித் தட்டு. இரண்டாவதில் மிக்ஸி ஜாருக்குள் அவனுடைய சாக்ஸ். மூன்றாவதைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. உள்ளே குப்பைத்தொட்டி. காலையில் கொட்டிய காபிச் சக்கையும் வாழைப்பழத் தோலும் அப்படியே இருக்க, பபிள் ராப் சுற்றி, பத்திரமாக.

கிஷோர் பெட்டியைத் திரும்ப மூடினான். ஒரு வீட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால், அதில் வாழ்ந்தவனுக்கே அது யாருடையதோ ஆகிவிடுகிறது.

"குப்பையையுமா பேக் பண்ணுவீங்க?"

"பார்ட்டியோட பொருள் எதையும் விடக்கூடாது சார். கம்பெனி ரூல்." சின்னப்பா தோளில் தட்டினார். "டென்ஷன் பேடா சார், வேணாம். இந்த மாசத்துக்கே நீங்க ஒருத்தர்தான் எங்களுக்குப் பார்ட்டி. ராஜா மாதிரி பார்த்துக்குறோம்."

போன் அடித்தது. தமயந்தி.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிக்கிட்டே இருக்கேன்."

"பை?"

"இருக்கு."

பொய்யில்லை. இருக்கத்தான் செய்தது.

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அல்சூர் மார்க்கெட்டுக்கு ஓடினான். புதுப் பித்தளைப் பாத்திரம், விளக்கு, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி, பால் பாக்கெட் என எல்லாம் வாங்கித் திரும்பியபோது வீடு காலி. லாரி வாசலில் நிரம்பி நின்றது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போன் எடுக்க உள்ளே போனான். சுவரில் பிளக் பாயிண்ட் மட்டும் இருந்தது.

"சுனில், என் போன்?"

சுனில் சிரித்தான். "சார்ஜரோட சேர்த்து பேக் பண்ணிட்டேன் சார். தனியா விட்டா தொலைஞ்சிடும்."

சின்னப்பா லாரிக்குப் பக்கத்தில் போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டார். லாரியின் அடிவயிற்றில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் பின்னால், எங்கோ ஒரு பெட்டி மெதுவாகப் பாடியது. மூவரும் அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்கள். நின்ற உடனே மறுபடி பாடியது.

"நான் பண்ணல சார்" என்றார் சின்னப்பா.

கிஷோருக்குத் தெரியும். அது தமயந்தி.

ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. லாரியை நம்பினால் ராகுகாலம் முடிந்துதான் போய்ச் சேரலாம். மெட்ரோதான் வழி என்று கிஷோர் செருப்பு மாட்ட வீட்டு வாசலுக்கு வந்தான். செருப்பு இல்லை.

"அதுவும்..." என்று ஆரம்பித்தான் சுனில்.

"சொல்லாதே" என்றான் கிஷோர்.

வெறுங்காலோடு, கையில் விளக்கும் பாலுமாக அல்சூர் ஸ்டேஷனில் நின்றவனைச் செக்யூரிட்டிப் பெண் மரியாதையோடு பார்த்தாள். "எந்தக் கோவில் சார்?" என்று கேட்டுக்கொண்டே பையைத் துழாவித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். "இது அலோ இல்ல."

புது ஃப்ளாட் வாசலில் தமயந்தி அவனைக் காலிலிருந்து மேலே பார்த்தாள்.

"செருப்பு?"

"பேக் ஆயிடுச்சு."

"போன்?"

"அதுவும்."

பாத்திரத்தைப் பார்த்தாள். "இது நம்மளுது இல்லையே?"

கிஷோர் சுவரைப் பார்த்தான். அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

அடுப்பு லாரியில். பைப் கேஸ் இணைப்பு இன்னும் தரவில்லை. பிரபா எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். வெளியே வந்தவர் வீணா, மைசூர்க்காரர்; சென்னையில் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். பால் காய்ச்ச அடுப்பில்லை என்றதும் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொடுத்தார். தீப்பெட்டியும் கொடுத்தார். விளக்கு எரிந்தது. பித்தளைப் பாத்திரத்தை வைத்ததும் அடுப்பு கீச்கீச்சென்று கத்தியது.

"இது பித்தளையை எடுக்காதும்மா" என்ற வீணா, தன் வீட்டு ஸ்டீல் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். "முட்டை வேகவைக்கிறது. ஆனா நல்லாக் கழுவியிருக்கேன்."

தமயந்தி தன் போனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். வீடியோ காலில் ஜானகி இருந்தார்.

"ஏன்டி இருட்டாயிடுச்சு? மாப்ளே, மணி ஆகுது!"

"சிக்னல்மா" என்றாள் தமயந்தி.

நான்கு பேரும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் அவர்களைப் பார்க்காமல் கிடந்தது. கிஷோர் தன் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு மனதோடு வேண்டிக்கொண்டதில்லை. ஓரத்தில் ஒரு குமிழி. பிறகு ஒன்று. சட்டென்று நுரை எழுந்து, விளிம்பைத் தாண்டி, அடுப்பெங்கும் வழிந்தது. டப்பென்ற சத்தத்தோடு வீடு முழுக்கக் கரண்ட் போனது.

"பொங்கிடுச்சும்மா!" தமயந்தி கத்தினாள். அந்த வெற்றுச் சமையலறையில் அவள் குரல் எதிரொலித்தது. பன்னிரண்டு ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

"அப்பாடா" என்றார் ஜானகி. "கெட்ட மாசத்துக்குத் தப்பிச்சீங்க. இனி எல்லாம் நல்லதுதான் நடக்கும்."

தமயந்தி அன்று முதல்முறையாகக் கிஷோரைப் பார்த்துச் சிரித்தாள். மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு வீணாவுக்கு முதலில் கொடுத்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? நாளைக்கு நிதானமா வந்திருக்கலாமே?"

"நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. அந்த மாசத்துல நாங்க குடிபோக மாட்டோம்."

வீணா டம்ளரை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"நாங்களும் போக மாட்டோம். உங்க ஆடி மாதிரிதான் எங்களுக்கு ஆஷாட மாசம். ஆனா இங்க அது பொறந்து மூணு வாரம் ஆச்சேம்மா... இந்த மாசத்துல தைரியமா குடிவர்றது யாருன்னு காலையிலேர்ந்து பில்டிங்கே ஜன்னல்ல நின்னு பார்க்குது."