மீட்டர் பொய் சொல்கிறது என்றேன்

மார்த்தாண்டத்தில் பஞ்சர் ஒட்டத் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு காற்றுப் பம்பும் ஐந்தாம் வகுப்புப் படிப்பும்தான். (படிப்பு நின்றுவிட்டது, பம்பு நிற்கவில்லை.) அதை வைத்துத் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை போட்டேன். மாடி வீடு கட்டினேன். இவன் உருப்படமாட்டான் என்றவர்கள் பார்க்கப் பார்க்க, மகள் சுஜாவை ஒரு வாத்தியார் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட நான் அந்த வாத்தியாரையே கொல்லப் பார்த்தேன் என்று இன்று என் வீட்டார் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மருமகன் வளைகுடாவில். அவன் அப்பா, அதாவது என் சம்பந்தி வாத்தியார், சிறுநீரகம் போய் டயாலிசிஸில் இருந்தவர். வீடு அருமனைக்கு அப்பால், ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில். தார் ரோட்டுக்கு வர ஒரே வழி செங்குத்தான செம்மண் ஏற்றம். மழையில் சாதாரணக் கார் ஏறாது. அதற்காகவே மருமகன் நாலு சக்கரமும் இழுக்கிற கார் வாங்கி என் பொறுப்பில் விட்டிருந்தான். மீட்டருக்குள் ஒரு கார் படம் உண்டு. இழுக்கிற சக்கரத்துக்குப் பக்கத்தில் கோடு எரியும்.

பின் டயர் இரண்டும் மொட்டையாகியிருந்தன. என் பட்டறையிலேயே கனமாகப் புது ரப்பர் ஒட்டினேன். அதிலிருந்து, கொஞ்ச தூரம் ஓடினாலே பின்சக்கரக் கோடுகள் அணைந்து, மஞ்சளில் ஏதோ இங்கிலீஷ் வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன், ஆயில் பார்த்தேன், ஷாஃப்டை ஆட்டினேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. மெக்கானிக் ஸ்டான்லியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, டயரு எதுவும் மாத்தினேரா?"

"மக்கா, வண்டியில குத்தம் பாரு. என் டயருல பாக்காத."

"அப்ப சென்சாரா இருக்கும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும்."

"சென்சாரும் இல்ல, ஒரு சவமும் இல்ல. மீட்டரு பொய் சொல்லுது."

அந்த மஞ்சள் எழுத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். (நோய் தீர்ந்தது.)

அடைமழை நாள் அது. மழையால் முந்தின டயாலிசிஸே தவறிப்போயிருந்தது. சம்பந்தியின் முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. முன்சீட்டில் அவரை உட்காரவைத்தேன். பின்னால் சுஜா. பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சேற்றை வாரியடித்தன. பின்சக்கரங்கள் அசையவே இல்லை. வண்டி பின்னால் வழுக்கி ஓடைக்குள் சாய்ந்தது.

"அப்பா, மாமாவுக்கு மூச்சு முட்டுது!" என்று சுஜா கத்தினாள்.

சம்பந்தி கை நீட்டி டேப்பை உரித்தார். மூச்சுக்கு நடுவே வாசித்தார். "ஓய், பின்சக்கரத்து இழுவை சூடாயி நின்னுபோச்சாம். இதையா மறைச்சு வச்சேரு?"

இறங்கிப் பார்த்தேன். முன் டயர் பாதி தேய்ந்தது, பின் டயர் தடிமன். சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றும், பெரியது மெதுவாகச் சுற்றும். டயர் வழுக்குகிறது என்று நினைத்து வண்டி ஓயாமல் மல்லுக்கட்டிச் சூடேறியிருக்கிறது. தப்பு என் ரப்பரில். ஓடைத்தண்ணீரில் நின்றபடிதான் அதைக் கண்டுபிடித்தேன்.

மழையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாததால், பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் பால்வெட்டுக்காரர் மூன்று பேர் பீடி வலித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கமுகுத் தடி கட்டி, அவர்களும் நானுமாகச் சம்பந்தியைத் தூக்கினோம். என் கால் இரண்டு தடவை வழுக்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி அவர் சொன்னார்: "நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாளு கெடக்குன்னு நெனச்சேன். நீரு முந்தியே ஏற்பாடு செஞ்சிட்டேரு ஓய்."

தார் ரோட்டில் ஆட்டோ கிடைத்தது. நுரையீரலில் நீர் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். ஏன் பிந்தியது என்றும் கேட்டார். நான் மழையைக் கைகாட்டினேன்.

அடுத்த வருஷம் சம்பந்தி நோயிலேயே போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றும்போது, ஊருக்கு வந்திருந்த மருமகன் அழுதுகொண்டே, "மாமா, இதுலயும் டேப்பு ஒட்டியிருக்கேரா?" என்றான். அழுத கூட்டம் சிரித்தது. இப்போது குக்கர் விசில் அடித்தாலும் பேரப்பிள்ளைகள் எனக்கு டேப் எடுத்து நீட்டுகிறார்கள்.

சிரிக்கட்டும். ஆனால், "பால்வெட்டுக்காரங்க நாலு பேரு தூக்கி மாமாவக் காப்பாத்தினாங்க" என்று சுஜா கதையை முடிக்கிறாளே, அது தப்பு. கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். பின்னால், இடது பக்கத் தடி என் தோளில் இருந்தது. அது உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது. இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.