பேஜ் ஃபைலை நிறுத்தியது பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தை அங்கு நலமாக இருப்பதை, உங்களுக்கு நான் போன் செய்யும்போதெல்லாம் பின்னாலிருந்து வரும் "வைக்கச் சொல்லுங்க" என்ற குரலால் அறிந்து மகிழ்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் சொல்லியிருக்கும் கதையை அப்படியே நம்பிவிட வேண்டாம். கட்டட வரைபடம் போடும் எனக்கு நீங்கள் அன்போடு அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் அறுபத்து நான்கு ஜிபி மெமரி இருக்கிறது. அப்படியிருந்தும், மெமரி நிரம்பினால் ஒதுக்கி வைப்பதற்கென்று பேஜ் ஃபைல் என்ற பெயரில் டிஸ்க்கிலும் ஓர் இடத்தை அது வளைத்துப் போட்டிருந்தது. உங்களைக் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் மாமா, கை வைக்காதீங்க" என்றீர்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரோ, "இவ்வளவு மெமரி வச்சுக்கிட்டு அது எதுக்கு சார்? தூக்குங்க" என்றார். தூக்கிவிட்டேன். மறுநாளிலிருந்து பார்க்க வேண்டுமே! மூன்று மாடி மருத்துவமனை வரைபடம் கண் இமைப்பதற்குள் திறந்தது. எட்டு நாள், ஒரு முணுமுணுப்பு இல்லை.

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. போதுமான அளவு இருக்கும் வீட்டில் உபரி எதற்கு? காரில் நான்கு சக்கரமும் நன்றாக இருக்க, டிக்கியில் ஐந்தாவது எதற்கென்று எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். மாற்றுச் சாவி, மாற்று மூக்குக்கண்ணாடி, இரண்டாவது சிலிண்டர் எல்லாம் போயின. "ரெண்டு குடை எதுக்கு, நாம சேர்ந்துதானே போறோம்?" என்று கேட்டது ஒரு குற்றமா?

வியாழக்கிழமை பாதிச் சமையலில் அடுப்பு அணைந்தது. சரி, வெளியே சாப்பிடலாம் என்று கிளம்பினால் கடைத்தெரு முனையில் டயர் பஞ்சர், உடனே மழை, ஒரே குடை, அதன் அடியில் நடந்த இழுபறியில் என் கண்ணாடி கீழே விழ, அதை என் காலே மிதித்தது, தட்டுத்தடுமாறி வீடு வந்து இருட்டில் சாவியைத் தலைகீழாக விட்டுத் திருகினேன், அது முறிந்து பாதி பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பூட்டு திறப்பவர் வந்து, "வேற சாவி இல்லையா சார்?" என்றார்.

"இருந்துச்சு. தேவையில்லைன்னு எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் உங்கள் அத்தையைப் பார்த்து, "அம்மா, சார் நல்லாதானே இருக்காரு?" என்று கேட்டார். அவளோ, "இந்த வீட்டுல இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க கூடுதலா இருக்கு" என்றாள். தெரியாமல்தான் கேட்டேன் மாப்பிள்ளை, "எது?" என்று. கதவு திறந்ததும் உள்ளே போய்ப் பெட்டியோடு வெளியே வந்தாள்.

வீட்டு விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் செய்தது சரி. எட்டு நாள் ஓட்டமே சாட்சி. விஷயம் தெரிந்தவர் நீங்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பி வைக்கவும். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள், உங்களுக்கு என் நன்றி முன்கூட்டியே.

இப்படிக்கு,
தனியாக இருக்கும் மாமனார்.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தையே போன் செய்தாள். நான் நிறுத்திய அன்று சாயங்காலமே "மெமரி போதவில்லை" என்று திரையில் வந்ததாம். நான் குளித்துக்கொண்டிருந்தேனாம். நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, அவளே பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டாளாம். எட்டு நாளும் அது இருந்துதான் ஓடியதாம். ஆகவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம்: அது இருக்கும்போதே இந்த வேகம் என்றால், எடுத்துவிட்டால் எப்படிப் பறக்கும்? அவள் வந்து சேர்வதற்குள் பதில் போடவும்.