ஷின்சாகுவின் ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் தேடிய விவரம்

அன்புள்ள மைத்துனர் ஷின்சாகு அவர்களுக்கு,

தோயோஹாஷியில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. அங்கே செண்டாயில் இன்னும் குளிர் விட்டிருக்காது என்று உங்கள் அக்கா ஃபுமியே சொல்கிறாள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் இருவரும் நலம். கடிதம் நீண்டுவிடும் போலிருக்கிறது. எனவே, அலுவலகத்தில் அறிக்கை எழுதிய பழக்கத்தில், சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நீங்கள் கொடுத்த ஸ்பீக்கர்களுக்குப் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை நான் தேடிய விதம்.
2. முதலாவது ஏன் தேறவில்லை, இரண்டாவது என்னை எப்படித் தலைகுனிய வைத்தது என்பவை.
3. அண்டை வீட்டாருக்கு நான் கொடுத்த தொல்லை.
4. ஃபுமியேவுக்கு இந்த ஸ்பீக்கர்களில் விருப்பமில்லை என்பது.
5. ஆகவே ஒசாகாக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்ற என் முடிவு.

மார்ச் மாதம் நீங்கள் சின்ன வீட்டுக்கு மாறியபோது, தலா ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள அந்த இரண்டையும் எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏற்றி இறக்கிவிட்டு, “ஜூன் முடியறதுக்குள்ள இதுங்களைப் பாட வைங்க அத்தான். முடியலைன்னா ஒசாகாக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குக் கொடுத்துடறேன். சும்மா நிக்க வெக்கறதுக்கா முப்பது வருஷம் காப்பாத்தினேன்?” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நியாயமான நிபந்தனை. அதனால் ஏப்ரல் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, இருபத்து மூன்று கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய ஒலிக்கருவிகள் விற்கும் ஒகினோ என்பவரின் கடைக்குப் போனேன். கடை மிகவும் ஒடுக்கம். பட்டியலில் ஏழாவது கேள்வி, இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் வேண்டும் என்பது. நான் கணக்குப் போட்டு நூற்றைம்பது என்று எழுதி வைத்திருந்தேன். ஒகினோ அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததற்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

“பெரிய ஸ்பீக்கர்னா பெரிய ஆம்ப்தான் வேணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். இது அந்தக் காலத்துச் சரக்கு. அஞ்சு வாட் குடுத்தாலே கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க” என்றார்.

உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரியும் பழைய ரகமான எட்டு வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்து, அவர் கடை ஸ்பீக்கரில் மாட்டினார். இங்கே என் தொழிலை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். நகரக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் நான் இரும்புக் கோலைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் கசியும் குழாயைக் கண்டுபிடித்தவன். எனவே பழக்கதோஷத்தில் முட்டி போட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

“பாட்டு போடட்டுமா சார்?”

“வேணாம். முதல்ல ஒண்ணுமில்லாம கேக்கறேன்.”

“ஒண்ணுமில்லாததைக் கேக்க வந்த முதல் ஆளு நீங்கதான்” என்றார்.

முனகல் இருந்தது. மெல்லியது, ஆனால் ஓயாதது. மூன்றங்குலக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் இப்படித்தான் கேட்கும். சொன்னேன். “வால்வுன்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும் சார். வயசானவங்க நாற்காலியில உக்காரும்போது முனகறதில்லையா, அது மாதிரி” என்றார். எனக்கு எழுபத்து நான்கு வயது என்பதை அவர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும், காது சிவக்க மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அதன் பிறகு இருவருக்கும் பேரம் பேச வாயெழவில்லை. கடைசியில் அந்த வால்வையும், நான் கணக்குப் போட்டு வைத்திருந்தபடியே நூற்றைம்பது வாட்டில் இருபத்து நான்கு கிலோ டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கும்படி ஜூன் இரண்டாம் சனிக்கிழமை வரைக்கும் அவரே வேனில் கொண்டுவந்து மாடியேற்றிக் கொடுத்தார்.

எங்கள் கட்டடத்தின் சுவர்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் போடுவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுவிடுவதுதான் முறை என்று, கீழ் வீட்டு நிஷிவாகி அம்மாளுக்கும் மேல் வீட்டு அன்சாய் தம்பதிக்கும் ஆளுக்கொரு பெட்டி அரிசி பிஸ்கட்டும், ‘வரும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் இரண்டு நாற்பது வரை இசை ஒலிக்கும், பொறுத்தருளவும்’ என்ற சீட்டும் கொடுத்தேன். ஞாயிறு சரியாக இரண்டு மணிக்கு வால்வை இயக்கி, காதை வைத்து, முனகலை ஆராய்ந்தேன். நம் ஸ்பீக்கரில் அது கடையில் கேட்டதைவிடத் தெளிவாகவே இருந்தது. பிறகு கம்பிகளை மாற்றி டிரான்சிஸ்டரை இயக்கினேன். என்ன அமைதி! இடது, வலது, மறுபடி இடது என்று மாறி மாறிக் காது வைத்தேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு ஆரோக்கியமான குழாயை நான் சந்தித்ததில்லை. மணி பார்த்தால் இரண்டு நாற்பது. சீட்டில் எழுதிய நேரம் முடிந்துவிட்டதே, அதற்கு மேல் பாட்டுப் போடுவது நாணயமாக இராது என்று அணைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அன்சாய் தம்பதி, இரண்டு குழந்தைகளோடு, நால்வரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். பிள்ளைகள் ஓடியாடினால் என் இசைக்கு இடைஞ்சலாகுமே என்று, அந்த மழையில் பூங்காவுக்குப் போயிருந்திருக்கிறார்கள். “நல்லபடியா முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டு, பதில் மரியாதையாக ஒரு பெட்டி கேக்கும் நீட்டினார்கள். முடிந்தது என்றேன். பொய்யில்லை.

மறுநாள் ஒகினோவைத் தொலைபேசியில் அழைத்து, டிரான்சிஸ்டரே சரியானது, துளி முனகல் இல்லை என்றேன். “பாட்டு எப்படி வருது சார்?” என்றார். இன்னும் போடவில்லை என்றேன். “ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்” என்றார். போட்டேன். அமைதி அப்படியே இருந்தது. அவர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே ஒரு தொடுமுனை கரிந்து ஸ்பீக்கருக்கு இணைப்பே போகவில்லை என்று காட்டி, “சார், இது உயிரோடவே இல்லை” என்று சொல்லி, பலமுறை தலைகுனிந்து வணங்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போனார். சத்தமே இல்லாத குழாய் என்றால், ஒன்று அது நல்ல குழாய், அல்லது தண்ணீரே இல்லாத குழாய். எந்தப் பயிற்சியாளுக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இனி நான்காவது. வால்வு மட்டும் கம்பி மாட்டியபடியே இங்கே இருக்கிறது. சனிக்கிழமை திரும்பப் போக வேண்டும். அதை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க, ஃபுமியேவின் காதையும் சாட்சிக்கு அழைத்தேன். அவள் மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இரைச்சல் தெரியுதா?”

“தெரியுது.”

மறுநாளும் கேட்டேன். தெரியுது. மூன்றாம் நாளும் அதே பதில். “அப்ப இதுங்களை வெச்சுக்கலாமா, வேணாமா?” என்றேன். “உங்க இஷ்டம்” என்றாள். நாற்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் ‘உங்க இஷ்டம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பச்சைத் திரைச்சீலை, நாய் வளர்க்கும் யோசனை, கியூஷூ பயணம் எல்லாம் இந்த வார்த்தையோடு நின்றுபோனவைதான். அதுவும் போக, நேற்று உங்கள் ஸ்பீக்கர்கள் மேல் ஈரத் துண்டுகளைக் காயப் போட்டிருந்தாள். அவளுடைய வீட்டில் அவளுக்கு வேண்டாத இரண்டு பொருள்களை நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, ஒசாகாக்காரரை வண்டியோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் நம்பிக்கைக்கு நான் தகுதியானவனாக இல்லை. கோபம் வந்தால் என்மீது மட்டும் காட்டுங்கள், உங்கள் அக்காவின்மீது வேண்டாம். ஈரக்காற்றில் முழங்காலைப் போர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் புது வீட்டில் நல்ல வெயில் விழட்டும்.

உங்கள் அத்தான்,
முராமாத்சு தெய்ஜி

பி.கு.: கடிதத்தை உறையிலிட்டு, காலை வழக்கம்போல் நூலகம் போகும் வழியில் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். பாதி வழியில்தான் தபால்தலை ஒட்டவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து படியேறினால், இரண்டாம் மாடியில் நிஷிவாகி அம்மாள் கதவைத் திறந்து போட்டு, வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலிருந்து ஒரு பெண்குரல் இறங்கி வந்தது, துறைமுகத்தில் யாருக்கோ காத்திருப்பவளின் பாட்டு. படிக்கட்டே மெல்ல அதிர்ந்தது.

“உள்ள போயிடாதீங்க, இந்தப் பாட்டு முடியட்டும்” என்றார் அவர். “நீங்க நூலகத்துக்குப் போனதும் உங்க வீட்டம்மா தினமும் பத்து மணிக்குப் போடறாங்க.”

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்றேன்.

“அதைத்தான் முன்னாடியே கேட்டுட்டீங்களே, இனிமே எப்படிக் குறை சொல்றது? அந்த ஞாயித்துக்கிழமைதான் ஏமாத்திட்டீங்க. தலை வாரிக்கிட்டுக் காத்திருந்தேன், ஒண்ணும் வரலை.”

பாட்டு முடிந்த பின் உள்ளே போனேன். ஃபுமியே இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க இருந்தா இரைச்சலைப் பத்தியே பேசிட்டிருப்பீங்க, பாட்டு காதுல விழாது.”

“இரைச்சல் தெரியுதுன்னு நீதானே சொன்னே?”

“தெரியுதான்னு கேட்டீங்க, தெரியுதுன்னேன். பாட்டு நல்லாயிருக்கான்னு எங்க கேட்டீங்க? நீங்கதான் பாட்டே போடலையே.”

“அப்ப ‘உங்க இஷ்டம்’னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்?”

“உங்க இஷ்டம்னுதான் அர்த்தம். வேற என்ன இருக்கு அதுல?”

திரைச்சீலையையும் நாயையும் கியூஷூவையும் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த பாட்டுக்கு முன் கொஞ்சம் இடைவெளி வந்தது. அதில் அந்த முனகல் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். “தெரியுது” என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் அலுவலகத்தில் தப்பான குறிப்பை அழிக்க மாட்டோம், வாசிக்கும்படி விட்டுவிட்டுக் கீழே திருத்தம் எழுதி முத்திரை வைப்போம். ஒகினோவிடம் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒசாகாக்காரரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். மேலே உள்ள நான்காவது குறிப்பு தவறு.