சாம்பிள் பாயின் இடது கால்

காலால் சம்பாதிப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. பந்தை உதைக்கிறார்கள், சலங்கை கட்டி ஆடுகிறார்கள், ஓடிப்போய்க் கோப்பை வாங்கி வருகிறார்கள். காலைச் சும்மா நீட்டியே குடும்பத்தைக் காப்பாற்றி, இரண்டு பெண்களுக்கு நிக்காஹ் செய்து வைத்த ஒரே மனிதர் எங்கள் ஆம்பூரில்தான் இருக்கிறார். அவர் பெயர் சாம்பிள் பாய். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியில் புது மாடல் வந்தால் முதலில் எட்டாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடி செய்வார்கள். அதுதான் சாம்பிள். அதை ஒருவர் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று சொல்ல வேண்டும். அவருடைய கால் நூல் பிசகாத எட்டாக இருக்க வேண்டும். பாயின் கால்கள் அப்படிப்பட்டவை. அவர் "பாஸ்" என்றால் ஆயிரக்கணக்கான ஜோடிகள் கப்பலேறும். "கடிக்குது" என்றால் கப்பல் காத்திருக்கும்.

இதனால் அந்தக் கால்களுக்கு இருந்த மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடையாது. தினமும் காலையில் வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சந்தன வாசனைப் பவுடர் போட்டுத்தான் அவற்றை வெளியே எடுத்து வருவார். வெறுங்காலோடு வாசலைத் தாண்ட மாட்டார். கிக்கர் திருப்பி அடித்துவிட்டால் என்னாவது என்று பைக் ஓட்டவே கற்றுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினால் முதல் வேலையாக, "காலு! காலு! பாத்து!" என்று கூவுவார். யாரோ அடிபட்ட ஆள் என்று கூட்டம் பதறி ஒதுங்கும். எழுந்து இடமும் கொடுக்கும். பாய் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சுகமாகச் சிரிப்பார். அவரோடு ஒரே பஸ்ஸில் போக நேர்ந்தால் நான் பின்வாசலில் ஏறி, அவர் யாரோ நான் யாரோ என்று ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அவ்வளவு வெட்கம் எனக்கு.

வெட்கம் என் கூடப்பிறந்த வியாதி. காரணம் உயரம், அதாவது உயரம் இல்லாமை. என் மனைவி எஸ்தர் என்னைவிட நாலு விரற்கடை உசத்தி. கல்யாணப் போட்டோவில் நான் சர்ச் படியின் மேல் நிற்கிறேன், அவள் கீழே நிற்கிறாள். வீட்டுக்கு வருபவர்கள் அதைப் பார்த்து, "ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்பார்கள். எஸ்தர் அறையிலிருந்து வெளியே வருவதற்குள் நான் காபி கொண்டுவரச் சமையலறைக்குள் போய்விடுவேன்.

எஸ்தர் நர்ஸ். வருஷக்கணக்காகத் தற்காலிக வேலையிலேயே கிடந்தவளுக்கு ஒருவழியாக நிரந்தர வேலை வந்தது. ஆர்டர் வந்த அன்று கேக் வெட்டினோம். ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று மீதிக் கேக்கை யாரும் தொடவில்லை. ஒடுகத்தூருக்கு மேலே, மலைக்கிராமத்தில் ஒரு துணைச் சுகாதார நிலையம். மாதனூர் வரை லாரிகள் சீறும் நெடுஞ்சாலை. ஒடுகத்தூர் வரை தார் ரோடு. அதற்கு மேல் பாதை என்று அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அது பாறையும் பள்ளமும், நடுவில் ஓர் ஓடையும். ஜீப் வந்தால் வரும். எங்கள் ஸ்கூட்டர் மூன்றாவது வளைவிலேயே ஒரு கல்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை விடிந்ததும் அவளைக் கொண்டுபோய் விட வேண்டும், சனிக்கிழமை கூட்டிவர வேண்டும். ரோட்டிலும் ஓடி, மலையிலும் ஏறுகிற வண்டி ஒன்று அமையாவிட்டால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

சாம்பிள் ரூமுக்கு நான்தான் இன்சார்ஜ். டீ நேரத்தில் அங்கே இதை வாய்விட்டுச் சொன்னேன். பாய் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுக்கா தம்பி இவ்ளோ பேஜாராவுற? வண்டின்னா இன்னா? பெரிய ஷூ. ஒரே ஷூவுல ஆபீசுக்கும் போவணும், காட்டுக்கும் போவணும். நான் பாஸ் பண்ணித் தர்றேன்."

"பாய், உங்களுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே?"

"ஷூ தைக்கக்கூடத்தான் தெரியாது. நான் சொல்லாம ஒரு ஜோடி வெளிய போயிருக்குதா?"

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேலூருக்குப் போனோம். டை கட்டிய சேல்ஸ்மேன் மைலேஜில் ஆரம்பித்தார். பாய் காதில் வாங்கவில்லை. கர்சீப்பைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வவுறு தாழ்வு. கல்லு இடிக்கும். ரிஜெக்ட்!"

அடுத்த வண்டிக்கும் படுத்தார். அதற்கடுத்ததற்கும் படுத்தார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சேல்ஸ்மேனிடம், "வவுறு ஒசரமா இருக்கணும். குந்துற எடம் தாழ்வா இருக்கணும். அப்டி இன்னா இருக்குது, எடு" என்றார்.

"வயிறு உசந்தா சீட்டும் உசந்துடும் சார்."

"ஏன்?"

சேல்ஸ்மேன் டையைச் சரிசெய்துகொண்டு மூலையில் நின்ற ஒரு வண்டியைக் காட்டினார். ரோட்டுக்கும் மலைக்கும் சேர்த்தே செய்ததாம். கொக்குமாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கால் கட்டைவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டதாக எனக்கு ஒரு ஞாபகம். பாய் சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை உருவிக் குனிந்து, என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே பிடித்தார்.

"ரெண்டு இன்ச்சு கம்மி! தம்பிக்கு ரெண்டு இன்ச்சு கம்மி!"

கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. ஷோரூமில் இருந்த அத்தனை குடும்பமும் திரும்பிப் பார்த்தது. எஸ்தர் ஹெல்மெட் அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டாள். பாய் படுத்திருந்த இடத்தில் போய் நானும் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

அடுத்த வாரம் ராணிப்பேட்டை. அங்கே இருந்த சேல்ஸ்மேன் தாழ்வான ஒரு வண்டியைக் காட்டி, "இது எங்க வேணா போவும் சார்" என்று சொல்லிவிட்டார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பாய் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து செங்கற்களைத் தூக்கி வந்து ஷோரூம் வாசலில் தாறுமாறாகப் பரப்பினார்.

"எங்க, இதுல ஏறிக் காட்டு."

சேல்ஸ்மேன் ரோஷக்காரர். ஏறினார். கர்ரக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஏசி அறையிலிருந்து முதலாளி ஓடி வந்தார். பாய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இங்கியே தெரிஞ்சது நல்லதாப் போச்சு மொதலாளி. கஸ்டமர் கையில தெரிஞ்சா பேரு கெட்டுடும்" என்று ஆறுதல் சொன்னார். எங்களைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியனுப்ப அல்ல, போய்விட்டோமா என்று பார்க்க. ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொண்டுபோய் மாட்டியிருந்த என் பழைய ஹெல்மெட்டைக் கழற்றாமலே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

மூன்றாவதாகத் திருப்பத்தூர். அங்கே பாய் முதலில் சோதித்தது பின்சீட்டைத்தான். "ஓட்றவன் எப்டியாவது தொத்திக்குவான். சிஸ்டர் குந்துற எடம்தான் முக்கியம்" என்று சேல்ஸ்மேனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, விலைமதிப்பற்ற கால்களில் எதுவும் பட்டுவிடாதபடி இரண்டையும் பக்கத்துக்கொன்றாக நீட்டிக்கொண்டு கடைவீதியைச் சுற்றி வந்தார். எதிரில் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் ஓரம் கட்டினார்கள்.

"சிஸ்டர், ஒங்க எடம் பாஸ்!"

அது முதலில் பார்த்த அதே நெட்டைக் கொக்கு. ரோட்டில் அலுங்காமல் ஓடியது. பாய் அங்கேயும் பரப்பிய செங்கல் மேல் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. வண்டியில் குறையே இல்லை. குறை என்னிடம் இருந்தது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எஸ்தரைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். போகிறவரை ராஜா மாதிரிதான் இருந்தது. பஸ் நிறுத்தத்தின் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக் போட்டு இடது காலை ஊன்றினேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. வேகமாக விழுந்திருந்தாலாவது ஆக்சிடெண்ட் என்று மரியாதை கிடைத்திருக்கும். நாங்கள் மெல்ல, பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கும்படி அவகாசம் கொடுத்துச் சாய்ந்தோம். அடி ஒன்றும் இல்லை. பூக்கார அம்மா எஸ்தரைத் தூக்கிவிட்டாள். வண்டியைத் தூக்கிய ஒருவர் எஸ்தரிடம் கேட்டார்: "பையனுக்கு லைசென்ஸ் இருக்குதாம்மா?"

திரும்பி வரும் பஸ்ஸில் எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்: "விடுங்க. வேலூர்லயே எதனா பிரைவேட் ஆஸ்பத்திரியில பாத்துக்கறேன். அந்த மலை யாருக்கு வேணும்?"

என்னை நோகடிக்காமல் சொன்னாள். அதுதான் ரொம்ப நொந்தது. அத்தனை வருஷம் காத்துக்கிடந்து வாங்கிய வேலை, புருஷனுடைய இரண்டு இன்ச்சில் போகிறது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. பாய் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் "காலு" என்று கூவாமலே ஏறியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் சாம்பிள் ரூமில் என் நாற்காலிக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கால நீட்டு."

"எதுக்கு பாய்?"

"வண்டிய மாத்த முடியாது. ஒன்ன மாத்த முடியாது. நடுவுல இருக்கறத மாத்தலாம் இல்ல?"

எனக்கு ஏழாம் நம்பர். அதற்குக் கணுக்கால் மூடும் பூட்ஸ், இரண்டு இன்ச் தடிமனில் சோல், கல் பட்டாலும் கிழியாத எருமைத் தோல். கியர் போடுகிற கால் என்று இடது பூட்ஸின் முனையில் இன்னொரு மடிப்புத் தோல். மீந்த தோலில் செய்துகொள்ள மேனேஜரிடம் பர்மிஷன் வாங்கிவிட்டார். பர்மிஷன் கேட்டதால் மேனேஜருக்குத் தெரிந்தது. கட்டிங்கில் வெட்டியதால் கட்டிங்குக்குத் தெரிந்தது. தையல் லைனில் இருந்த பெண்கள் நான் தாண்டிப் போகும்போதெல்லாம், "சாருக்கு ஹீல்ஸ் ரெடியாவுதாம்டீ" என்று மெஷினில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள்.

"பாய், எனக்கு அது வேணாம். என்னை வெச்சு ஊரையே சிரிக்க வைக்காதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

"ரெடியாவட்டும். பொறவு பாரு" என்றார். கோபித்துக்கொள்ளவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் ஷூக்களை வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தார். புது மாடலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தோம். பாய் வழக்கம்போல ராஜ நடையில் வரவில்லை, தயங்கித் தயங்கி வந்தார். சாக்ஸைக் கழற்றினார். இடது கால் சுண்டுவிரல் தோலுரிந்து சிவந்திருந்தது. குதிகாலில் பெரிய கொப்புளம். ஷூவுக்குள் கால் போகவில்லை. மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் அந்தக் கோபத்தை அப்படியே பாய் மேல் இறக்கினேன்.

"என்ன பாய் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வாசப்படியில இடிச்சுக்கினேன் தம்பி." சொல்லிக்கொண்டே கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்தக் கால்கள் ஒளிந்துகொண்டு நான் பார்த்தது அன்றுதான். பேக்கிங்கிலிருந்து எட்டாம் நம்பர்க்காரர் ஒருவரை அழைத்துவந்து வேலையை முடித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை என் மேஜைமேல் பூட்ஸ் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்த்தேன்.

நான் தோல் தொழிலில் இருப்பவன். அந்த மாதிரிக் கெட்டித் தோல் புதிதில் ஒரு மாசமாவது காலைக் கடித்துத் தின்னும். இது கடிக்கவில்லை. வருஷக்கணக்கில் போட்டுப் பழகியதுபோல மெத்தென்று இருந்தது. இடது பூட்ஸில் சுண்டுவிரல் பக்கம் வெளியே புடைத்திருந்தது. என் விரல் அந்த இடத்துக்கு எட்டவே இல்லை. கழற்றி உள்ளே கையை விட்டேன். விரல் நுனியெல்லாம் சந்தனப் பவுடர்.

எட்டாம் நம்பர் காலை ஏழுக்குள் திணித்து, கம்பெனி விட்டதும் தினமும் நடந்திருக்கிறார் மனிதர். தூசி படாமல் ஊரே பார்த்துக்கொண்ட கால்கள். நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

அந்தக் கொக்கையே வாங்கினோம். முதல் திங்கட்கிழமை ஓடையில் இறங்கும்போது பின்சக்கரம் வழுக்கியது. இடது காலை ஊன்றினேன். தரை இருந்தது. என் தோளைப் பிடித்திருந்த எஸ்தரின் கை இறுகக்கூட இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கூடி நின்ற பெண்களில் ஒருத்தி, "நர்சம்மா வூட்டுக்காரரு நல்ல ஒசரம்" என்றாள். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கிளம்புகிறவரை பூட்ஸைக் கழற்றவில்லை.

பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போட்டு நடக்காமலே எப்டி தம்பி பாஸ் பண்றது? கல்லு முள்ளுல சிஸ்டர் வேற ஒக்காந்துக்கினு வர்றாங்க" என்று முடித்துவிட்டார். அந்தச் சுண்டுவிரலில் காலாணி விழுந்துவிட்டது. இடது கால் இனி சரியான எட்டு இல்லையாம். இப்போதெல்லாம் வலது காலை மட்டும்தான் சாம்பிளுக்குக் கூப்பிடுகிறார்கள். இடதுக்குப் பேக்கிங் ஆள் வருகிறார்.

கம்பெனி வேலையாக வேலூருக்குப் போவதென்றால் நாங்கள் இன்றும் பஸ்தான். என் வண்டியில் ஏறச் சொன்னால், "அது சிஸ்டர் எடம்" என்கிறார். பஸ்ஸில் வலது காலை மட்டும் பத்திரமாக ஒடுக்கிக்கொண்டு, இடது காலைக் கூட்டத்துக்குள் அப்படியே விட்டுவிடுகிறார். கேட்டால், "அது ரிட்டையர்டு தம்பி, யாரு மிதிச்சா இன்னா?" என்கிறார்.

நான் இப்போது முன்வாசலில்தான் ஏறுகிறேன். "காலு! காலு! பாத்து!" என்று கூவிக்கொண்டே போய் அந்த இடது காலை மறைத்தபடி நின்றுகொள்கிறேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உட்கார இடம் கிடைத்தால்கூட, வேலூர் வரும்வரை அங்கிருந்து நகர்வதில்லை.